ரொட்டியை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வாரப் பதிப்பில் இலங்கைத் தீவின் பாரம்பரியச் சாப்பாட்டையும் குடிபானங்களையும் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தீர்கள். படங்கள் அருமை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. யாழ்ப்பாணத்து ஒடியல் கூழ், நண்டுக்கறி, மட்டக்களப்புத் தயிர், தெற்கே அம்புல் தியல் மீன்கறி, பாற்சோறு, தெம்பிலி இளநீர், பனங்கள்ளு என்று ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, கடைசியில் எங்கள் தேயிலைத் தோட்டங்கள் இருக்கிற மலையகத்துக்கு வந்ததும் ‘குளிருக்கு இதமாக ஒரு கோப்பைத் தேநீர்’ என்று ஒரே வரியில் இறங்கிப் போய்விட்டீர்கள். ஹட்டன் டவுனில் நாங்கள் வேன் நிறுத்தும் இடத்தில் அந்த வரியைச் சத்தமாக வாசித்தேன். பக்கத்து வேன்காரர், “அப்ப நாமெல்லாம் இத்தனை வருசமா தேத்தண்ணியக் குடிச்சேதான் உசுரோட இருக்கோமாக்கும்” என்றார். சிரித்தோம். ஆனால் மனசில் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது, அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் பதினெட்டு வருடமாக இந்த மலையில் வேன் ஓட்டுகிறேன். பிறந்தது தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில். அம்மா கொழுந்து எடுத்தவர், அப்பா ஃபெக்டரியில் இருந்தார். யாழ்ப்பாணம், கொழும்பு, தமிழ்நாடு, லண்டன், கனடா என்று எங்கெங்கிருந்தோ வருகிறவர்களை ஏற்றி இறக்குகிறேன், அவர்கள் எங்கே நிறுத்தச் சொல்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள், எதைப் பாதியில் வைத்துவிட்டு எழும்புகிறார்கள் என்பதெல்லாம் கண்ணாடியில் பின்னால் வரும் வாகனத்தைப் பார்ப்பது போல எனக்குத் தெரியும்.

சரி, தேத்தண்ணியையே முதலில் எடுத்துக்கொள்வோம், நீங்கள் எங்களுக்குக் கொடுத்த மரியாதை அது ஒன்றுதானே. சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பத்தை ஒரு நீர்வீழ்ச்சிக்கு எதிரே இருக்கும் கடையில் இறக்கினேன். சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய தூரம் தேயிலை. உள்ளே போய் உட்கார்ந்தால் வந்தது என்ன தெரியுமா? ஒரு கோப்பைச் சுடுதண்ணி, நூல் கட்டிய பை ஒன்று, பக்கத்தில் ஒரு பொட்டலம் பால்மா. அந்த அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார், பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “தம்பி, இவ்வளவு தேயிலைக்கு நடுவுல இதுவா?” என்று கேட்டார். விலையைக் கேட்டபோது நான் வெளியே போய் டயரைப் பார்ப்பது போல நின்றுகொண்டேன்.

எங்கள் வீடுகளில் அதற்குப் பெயர் சாயத்தண்ணி. கேத்தலில் தண்ணி நன்றாகத் தளதளவென்று கொதிக்க வேண்டும், அரைக்கொதியில் ஊற்றினால் தூள் மேலே மிதக்கும், சாயம் இறங்காது. தூளைப் போட்டு மூடி இரண்டு மூன்று நிமிடம் விட்டு, வடித்து, ஒரு தம்ளரிலிருந்து இன்னொரு தம்ளருக்கு உயரத்திலிருந்து இரண்டு தடவை ஆற்றினால் மேலே ஒரு நுரை கட்டும். சீனியை உள்ளே போடுவதில்லை. உள்ளங்கையில் ஒரு சிட்டிகைச் சீனி, இல்லாவிட்டால் ஒரு துண்டு கருப்பட்டி, ஒரு கடி, ஒரு மிடறு, அவ்வளவுதான். சீனி மிச்சம் பிடிக்கத்தான் இந்தப் பழக்கம் வந்தது என்று அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, சொல்லும், ஆனால் குடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தேயிலையின் துவர்ப்பு நாக்கில் தனியாக நிற்கும், இனிப்பு தனியாக வரும், இரண்டும் ஒன்றையொன்று கெடுக்காது. நல்ல உயரத்துத் தேயிலைக்குப் பால்மா போடுவது என்னைக் கேட்டால் பாவம். போடாதீர்கள் என்று யாருக்கும் உத்தரவு போட முடியாது, ஆனால் முதல் தம்ளரையாவது வெறுமனே குடியுங்கள் என்று என் வேனில் ஏறுகிறவர்களிடம் சொல்லிப் பார்க்கிறேன், பாதிப் பேர் கேட்கிறார்கள்.

இன்னொன்று, தேயிலை என்றால் எல்லாம் ஒரே தேயிலை இல்லை. நாலாயிரம் அடிக்கு மேலே விளைவது ஒரு ருசி, கீழே கண்டிப் பக்கம் விளைவது வேறு, இன்னும் கீழே இறங்கினால் நிறம் கூடும், வாசம் குறையும். டிம்புள்ளப் பக்கத்தில், அதாவது எங்கள் ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்தில், ஜனவரி முதல் மார்ச் வரை பகலில் சுள்ளென்ற வெயிலும் ராத்திரியில் பனியுமாக இருக்கும்போது பறிக்கிற கொழுந்துக்குத்தான் பேர். ஊவாப் பக்கம் அப்படியே மாறி ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை, காய்ந்த காற்று அடிக்கும் காலத்தில்தான் உச்சம். அந்த நாட்களில் பதுளை ரோட்டில் போகும்போது ஃபெக்டரிப் பக்கமாக ஜன்னலைத் திறந்துவிட்டால் போதும், குடிக்கவே வேண்டாம். இதையெல்லாம் உங்கள் கட்டுரையில் நாலு வரி எழுதியிருக்கலாம்.

அம்மா மலைக்குப் போகும்போது ஒரு போத்தலில் சாயத்தண்ணி கொண்டுபோவார். மூடி தொலைந்துபோன போத்தல், காகிதத்தைச் சுருட்டி அடைத்திருப்பார். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் நானும் பின்னாலேயே போவேன். பத்து மணிக்கு எடுத்துக் குடிக்கும்போது அது பச்சைத்தண்ணி மாதிரி ஆறி, கறுத்துப்போய் இருக்கும். அதோடு ரொட்டி. இங்கேதான் நான் உங்களோடு சண்டைக்கு வருகிறேன், ஏனென்றால் அந்த இரண்டு பக்கத்தில் ரொட்டி என்ற சொல்லே இல்லை.

உங்கள் பக்கம் ஒரு நியாயம் இருக்கலாம் என்று யோசித்துப் பார்த்தேன். கோதுமை இந்தத் தீவில் விளைவதில்லை, கப்பலில் வருகிற மாவில் சுடுகிற ரொட்டி எப்படிப் பாரம்பரியமாகும் என்று கேட்பீர்கள். சரி, அப்படியே கணக்குப் பார்ப்போமே. நீங்கள் படம் போட்டுப் புகழ்ந்த நண்டுக்கறியில் சிவப்பாக இருக்கிறதே மிளகாய், அது போர்த்துக்கேயர் வந்த பிறகு வந்தது. அதற்கு முன்னால் இங்கே காரம் என்றால் மிளகுதான். மரவள்ளிக்கிழங்கும் உருளைக்கிழங்கும் கடல் தாண்டி வந்தவைதான். நீங்கள் ஒரு வரி கொடுத்த தேயிலையையே ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரர் லூல்கந்துரத் தோட்டத்தில் தோட்டப் பயிராக நட்டது 1867-இல். அதற்கு இரண்டு வருடம் கழித்து இலைநோய் வந்து கோப்பித் தோட்டங்கள் அழிந்துபோகாவிட்டால் இந்த மலை முழுக்கத் தேயிலை வந்திருக்குமா என்பதே சந்தேகம். ஆக 1867-இல் வந்தது பாரம்பரியம், எங்கள் பாட்டிமார் கையில் வந்தது பாரம்பரியமில்லை என்றால், அந்த எல்லைக்கோட்டை யார் எங்கே போட்டார்கள்?

ரொட்டி எப்படி வந்தது என்பதற்கும் ஒரு கதை உண்டு. அந்தக் காலத்தில் தோட்டத்திலேயே அரிசி கொடுத்துச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். பிறகு பங்கீட்டுக் கூப்பன் அரிசி வந்தது, அது குறையக் குறைய மாவு வந்தது. மாவு கையில் வந்ததும் எங்கள் பெண்கள் கண்டுபிடித்தது இதைத்தான். விடியப் பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்க, ஓட வேண்டும், சோறு கறி ஆக்க நேரமில்லை, ஆக்கினாலும் மலைக்குக் கொண்டுபோகும் வழியில் குழம்பு கொட்டும். ரொட்டியைத் துணியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொள்ளலாம், மழையில் நின்றுகொண்டே ஒரு கையால் சாப்பிடலாம். 1973, 74-இல் தோட்டங்களில் பஞ்சம் வந்தபோது அந்த மாவும் கிடைக்காமல் கீரையையும் கிழங்கையும் அவித்துத் தின்ற கதையை அம்மாயி சொல்லும்போது நாங்கள் ரொட்டியில் கருகிய ஓரத்தைக்கூடப் பிய்த்துப் போடமாட்டோம். 2022-இல் மாவு விலை ஏறியபோது அந்தக் கதைகள் எல்லாம் மறுபடியும் லயத்தில் புழங்க ஆரம்பித்தன.

போன வருடம் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தார்கள். வயதான ஆச்சி ஒருவர், மகன், மருமகள், இரண்டு பிள்ளைகள். நுவரெலியாவில் போட்டிங் எல்லாம் முடித்து இறங்கி வரும்போது மழை பிடித்துக்கொண்டது, கடைகளில் ஒரே கூட்டம், ஆச்சிக்கோ பசி. எனக்குத் தெரிந்த ஒரு அக்கா வீடு தலவாக்கலைக்குக் கிட்ட இருக்கிறது, கூட்டிக்கொண்டு போனேன். அக்கா அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு மாவைக் கொட்டினார். இரண்டு பங்கு மாவுக்கு ஒரு பங்கு துருவிய தேங்காய்ப்பூ, பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சைக் கொச்சிக்காய் (மிளகாய்தான்), உப்பு. எங்கள் குளிருக்குப் பச்சைத்தண்ணியில் பிசைந்தால் மாவு இளகாது, இளஞ்சூட்டுத் தண்ணிதான் ஊற்ற வேண்டும். பிசைந்து கொஞ்ச நேரம் மூடி வைத்து, வாழையிலைத் துண்டில் வைத்து உள்ளங்கையால் தட்டினார், ஒரு விரல் தடிப்பு. இரும்புக் கல்லில் எண்ணெய் இல்லாமல் போட்டு, இரண்டு பக்கமும் கறுப்புப் புள்ளி விழுந்ததும் எடுத்து, தணல் ஓரத்தில் சாய்த்து வைத்தார். அந்த ஓரத்துச் சூட்டில்தான் உள்ளே வேகும், இதை ஹோட்டல்காரர்கள் செய்வதே இல்லை, அதனால்தான் அவர்கள் ரொட்டியில் நடுவே பச்சை மாவு வாசம் அடிக்கிறது.

ஒரு பக்கம் அம்மியில் சம்பல். காய்ந்த கொச்சிக்காயையும் உப்பையும் முதலில் நுணுக்கி, வெங்காயம், கொஞ்சம் மாசிக் கருவாடு, கடைசியில் தேங்காய்ப்பூவைப் போட்டு இரண்டு இழுப்பு இழுத்து, தேசிக்காய் (எலுமிச்சை) பிழிந்துவிட்டார். தேங்காய் கீழ்நாட்டிலிருந்து வர வேண்டும், எங்கள் உயரத்தில் காய்க்காது, சம்பளம் வருவதற்கு முந்திய வாரங்களில் தேங்காயில்லாமல் வெங்காயமும் கொச்சிக்காயும் மாசியும் மட்டும் அரைத்த கட்டைச் சம்பல்தான் ஓடும். அதுவும் லேசுப்பட்டதில்லை, கண்ணில் தண்ணி வந்துவிடும்.

ஆச்சி முதலில் ரொட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இதென்ன பிள்ளை, இவ்வளவு மொத்தமா இருக்கு, எனக்குப் பல்லும் இல்லை” என்றார். அக்கா ஒன்றும் பேசாமல் ரொட்டியைப் பிய்த்து, சம்பலை நடுவில் வைத்து, சாயத்தண்ணியில் ஒரு தடவை தோய்த்துக் கொடுத்தார். அப்புறம் ஆச்சி பேசவில்லை. மூன்று ரொட்டி சாப்பிட்டார். மூன்றாவதற்குக் கையை நீட்டும்போது, “இன்னொண்டு தா பிள்ளை, மருமகளுக்குச் சொல்லாதை, அவ சுகர் எண்டு கத்துவா” என்றார், மருமகள் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தார். காசு கொடுக்கப் போனபோது அக்கா வாங்கவில்லை, கடைசியில் ஆச்சி அக்காவின் சின்னவளின் கையில் வைத்து மடக்கிவிட்டார். அந்தப் பயணத்தில் அவர்கள் நாலு நட்சத்திர ஹோட்டலிலும் சாப்பிட்டார்கள். ஊருக்குப் போய் ஆச்சி என்னிடம் ஃபோனில் கேட்டது, தணலில் எவ்வளவு நேரம் வைக்க வேண்டும் என்பதைத்தான்.

அடுத்து கித்துள். உங்கள் கட்டுரையில் ‘பனை வெல்லம்’ என்று பொதுவாக எழுதியிருந்தீர்கள், அதற்குள் கித்துளையும் சேர்த்துவிட்டீர்களோ என்னவோ. இது வேறு மரம், வேறு வாசம். கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக ஏறி வருகிறவர்கள் கித்துல்கல ஊரைத் தாண்டித்தான் வர வேண்டும், பேரிலேயே மரம் இருக்கிறது. அங்கேயிருந்து கினிகத்தேனை வரைக்கும் ஓரங்களில் கித்துள் நிற்கும், மீன் வால் மாதிரி இலை. காலையும் மாலையும் மரத்தில் ஏறி, பாளையை மெல்லிசாகச் சீவி, சொட்டுச் சொட்டாக இறங்குகிற பதனியைப் பானையில் பிடித்து, புளிப்பதற்குள் கொண்டுவந்து விறகடுப்பில் மணிக்கணக்காகக் காய்ச்சுவார்கள். கெட்டியாக வந்தால் பாணி, இன்னும் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றி ஆறவிட்டால் கருப்பட்டி. சட்டித் தயிரில் பாணியை ஊற்றிச் சாப்பிடுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ரொட்டியைச் சூட்டோடு பாணியில் தொட்டுச் சாப்பிட்டவர்கள் குறைவு. மரத்தின் உள் சோற்றை இடித்து எடுக்கிற கித்துள் மாவில் கஞ்சியும் களியும் செய்வார்கள், வயிற்றுக்குக் குளிர்ச்சி. புளித்தால் கள்ளும் ஆகும், ஆனால் நான் ஸ்டியரிங் பிடிக்கிறவன், அதைப் பற்றி எழுத வேறு ஆளைப் பாருங்கள்.

பாணி வாங்குவதில் நான் ஒரு தடவை மூக்குடைபட்டிருக்கிறேன். ரோட்டோரக் கடை ஒன்றில் நிறுத்தி, கொழும்பு ஐயா ஒருவர் நாலு போத்தல் வாங்கினார், ‘அசல் கித்துள்’ என்று பெரிதாக எழுதியிருந்தது. இரண்டு வாரம் கழித்து ஒரு படம் அனுப்பினார், போத்தலின் அடியில் ஆற்று மணல் மாதிரிச் சீனி கட்டியிருக்கிறது. “நீங்கள்தானே தம்பி அங்கே நிறுத்தினீர்கள்” என்று ஒரே ஒரு வரி. வெட்கமாகப் போய்விட்டது. அதிலிருந்து கடையில் வாங்குவதில்லை, மரம் நிற்கிற வீட்டில்தான் வாங்கிக் கொடுக்கிறேன். போத்தலை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்ப்பேன், தார் மாதிரிக் கறுப்பாக இருக்கக்கூடாது, செம்மண் நிறத்தில் வெளிச்சம் உள்ளே போக வேண்டும். ஒரு சொட்டு நாக்கில் வைத்தால் இனிப்புக்குப் பின்னால் விறகுப் புகை வாசம் வரும். சீனிப்பாகில் அந்தப் புகை இருக்காது. விலை கூடத்தான், மரம் ஏறுகிறவர் காலை மாலை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதானே ஏறுகிறார்.

இன்னும் எவ்வளவோ இருக்கிறது, எல்லாவற்றையும் எழுதினால் நீங்கள் வெட்டிவிடுவீர்கள். விடியற்காலையில் ரோட்டோரத்தில் பெரிய பானையில் விற்கிற இலைக்கஞ்சி, வல்லாரையோ முடக்கொத்தானோ அரைத்துச் சிவப்பரிசியும் தேங்காய்ப்பாலும் சேர்த்தது, கையில் ஒரு துண்டு கருப்பட்டி. கினிகத்தேனைப் பக்கத்துப் பிஞ்சுப் பலாக்காய்க் கறி, முதல் நாள் ராத்திரி அடுப்பில் ஏற்றி விடியும்வரை தணலில் விட்டால் இறைச்சி தோற்றுப்போகும். பலாவைச் சிங்களத்தில் சோற்றுமரம் என்றே சொல்வார்கள், பஞ்சத்தில் அது காப்பாற்றிய வயிறுகள் அவ்வளவு. வெலிமடைப் பக்கத்துப் புது உருளைக்கிழங்கைக் கருவாட்டோடு போட்டு வைக்கிற குழம்பு. ரயிலில் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் பிள்ளைகள் எல்லாம் ஊளையிடும்போது இருட்டில் வாசத்தை மட்டும் வைத்தே கண்டுபிடிக்கிற பருப்பு வடை, நடுவில் ஒரு காய்ந்த கொச்சிக்காயோடு.

சிவனொளிபாதமலை சீசனில், டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாதம் வெசாக் வரைக்கும், நல்லதண்ணிப் பக்கமாக ராத்திரி ஏறுகிறவர்கள் பாதி வழியில் ஒரு தகரக் கொட்டகையில் உட்கார்ந்து இஞ்சி தட்டிப் போட்ட சாயத்தண்ணி குடிப்பார்களே, அதைத்தான் நீங்கள் ‘குளிருக்கு இதமாக’ என்று எழுத நினைத்தீர்களோ? அப்படியென்றால் அந்த ஒரு வரியை மன்னித்துவிடலாம். கால் நடுங்க, பல் தந்தியடிக்க, அந்தத் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் சிங்களம் பேசுகிறவரும் தமிழ் பேசுகிறவரும் ஒரே பலகையில் நெருக்கி உட்கார்ந்து ஒருவர் கருப்பட்டியை இன்னொருவருக்கு உடைத்துக் கொடுப்பதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

ஒரு குறையையும் எங்கள் பக்கத்திலேயே சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களே ரொட்டியைச் சொல்ல வெட்கப்படுகிறார்கள். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கடைக்கு ஓடிப் பேக்கரிப் பாணும் கேக்கும் வாங்கி வருவார்கள், ரொட்டியை மூடி வைத்துவிடுவார்கள். ஹோட்டல் வைத்திருக்கும் நம்மவர்கள்கூட ஃப்ரைட் ரைஸும் கொத்தும் போடுகிறார்கள், தோட்டத்து ரொட்டியும் சம்பலும் என்று பலகையில் எழுதினால் லயத்து ஆள் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான், பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டுப் பெட்டியின் மூடியைப் பாதிதான் திறப்பேன். அதை மாற்றியது அந்த யாழ்ப்பாணத்து ஆச்சிதான். ஆகவே உங்களை மட்டும் குறை சொல்லி முடிக்க மாட்டேன்.

அடுத்த தடவை எழுதுவதாக இருந்தால் உங்கள் ஆளை ஹட்டனுக்கு அனுப்புங்கள். ஸ்டேஷனிலேயே வந்து ஏற்றிக்கொள்கிறேன், டீசலுக்கு மட்டும் கொடுத்தால் போதும். காலையில் இலைக்கஞ்சி, மத்தியானம் பலாக்காய், நாலு மணிக்கு அக்கா வீட்டில் ரொட்டி. ஒரு விஷயம் மட்டும், வருகிற நாளை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். தேங்காய் வாங்க அக்கா டவுனுக்கு இறங்கி ஏற வேண்டும், இப்போது விற்கிற விலைக்கு வீட்டில் சும்மா ஒரு தேங்காய் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
வேன் சாரதி ஒருவர்,
ஹட்டன்.